கேம்ப் நோவ் எப்போது திறக்கும்? சைட்டில் நிற்பவனின் குறிப்புகள்

2023 மே 31

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டது: “அண்ணே, பார்சலோனா கால்பந்து கிளப்பின் கேம்ப் நோவ் அரங்கத்தில் நாளைக்கு இடிப்பு வேலை ஆரம்பம். அடுத்த வருஷம் நவம்பர் 29-க்குள் பாதிக்கு மேல் திறந்துவிடுவோம் என்கிறது பார்சா. கிளப்புக்கு 125 வயது நிறையும் நாளாம். பதினெட்டு மாதம்தான் இருக்கிறது. நீங்கள் கட்டட வேலையில் இருப்பவர், சொல்லுங்கள், முடியுமா? முடியாது என்று என் கூட்டாளி 50 வெள்ளி (ரிங்கிட்) பந்தயம் கட்டியிருக்கிறான்.”

2023 ஜூன் 1

முடியும் தம்பி. பந்தயத்தை ஏற்றுக்கொள்.

கணக்கு சொல்கிறேன். முழு அரங்கத்தையும் இடிக்கப் போவதில்லை. மேலே இருக்கும் மூன்றாம் அடுக்கைத்தான் எடுக்கிறார்கள். 1982 உலகக் கிண்ணத்துக்காக ஏற்றிய அடுக்கு அது. கீழ் இரண்டு அடுக்கையும் வைத்துக்கொண்டு பழுது பார்ப்பார்கள். இடிப்புக்கு நான்கு மாதம் போடு. புது அடுக்கின் படிகளெல்லாம் பிரிகாஸ்ட். தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைப்பது. சைட்டில் பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றி, அதன் பலத்தைச் சோதிக்கும் கியூப் டெஸ்டுக்கு 28 நாள் காத்திருக்கும் வேலை குறையும். குத்தகை எடுத்திருப்பது லிமாக் என்ற துருக்கி நிறுவனம், பெரிய வேலைகள் பார்த்தவர்கள். திட்டத்துக்கு 145 கோடி யூரோ கடன் ஏற்பாடு ஆகியிருக்கிறது. பணமும் கிரேனும் இருந்தால் கான்கிரீட் ஏறிவிடும்.

2023 ஜூன் 1, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். திங்கள்கிழமை விடியற்காலை ஒரு மணிக்கு எழுந்து மயோர்க்காவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். 3-0. புஸ்கெட்ஸுக்கும் ஜோர்டி ஆல்பாவுக்கும் அங்கே அது கடைசி நாள். ஆட்டம் முடிந்தும் டிவியை அணைக்க மனம் வரவில்லை. பார்சலோனா பக்கம் நான் போனதே இல்லை, அந்தப் படிகளில் ஒரு நாள் உட்கார்ந்ததும் இல்லை. இருந்தாலும் இருபது வருஷமாக சனி, ஞாயிறு இரவுகளில் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. மறுநாள் சைட்டில் கண்ணெல்லாம் எரிச்சல்.

2023 செப்டம்பர் 3

மூன்றாம் அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். பார்த்ததும் “மெர்டேக்கா மாதிரியே இருக்கே” என்றார்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் நம் மெர்டேக்கா அரங்கமும் கேம்ப் நோவும் ஒரே மாதத்தில் திறந்தவை, 1957-ல். மெர்டேக்காவுக்கும் பின்னாளில் மேலடுக்கு ஏற்றினார்கள், இருபதாயிரம் பேர் அரங்கம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அப்புறம் 2007-ல் சீரமைக்கும்போது ஏற்றியதை எல்லாம் எடுத்துவிட்டு 1957-ல் இருந்தபடி ஆக்கினார்கள். அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

அப்பாவுக்கு மெர்டேக்காவை உள்ளேயிருந்து அவ்வளவாகத் தெரியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆட்டம் நடக்கும் இரவுகளில் வாசலில் காச்சாங் பூத்தே விற்றவர். தலையில் தட்டு, தட்டில் ஏழெட்டு வகை கடலை, முறுக்கு, பழைய பரீட்சைத் தாளில் சுற்றிய கூம்பு. 1980 ஏப்ரல் 6-ல் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோமே, அன்றைக்கும் வாசலில்தான். ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலைச் சத்தமாகத்தான் அவருக்குத் தெரியும். “முதல்ல ஒரு நிமிஷம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் தரையே ஆடுச்சு” என்பார். கோல் காத்தது ஆறுமுகம் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சேர்த்துக்கொள்வார்.

2023 செப்டம்பர் 24

திருத்தம். ஒரே மாதம் என்று எழுதியது தவறு. மெர்டேக்கா திறந்தது 1957 ஆகஸ்ட் 30, சுதந்திரப் பிரகடனத்துக்கு முதல் நாள். கேம்ப் நோவ் அதே வருஷம் செப்டம்பர் 24. இருபத்தைந்து நாள் இடைவெளி. இன்று அதற்கு 66 வயது, பிறந்த நாளில் தலை இல்லாமல் நிற்கிறது.

2024 பிப்ரவரி 18

புது அடுக்கின் தூண்கள் எழும்புகின்றன. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் இரவு வேலைச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்கிறார்கள். எனக்கு இரு பக்கமும் புரிகிறது. செத்தாப்பாக்கில் நாங்கள் ஒரு அடுக்குமாடி எழுப்பியபோது, இரவு பதினொரு மணிக்குக் கான்கிரீட் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா ஒருவர் கைக்குழந்தையோடு கேட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஊற்ற ஆரம்பித்த தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. இன்னும் இரண்டு லாரிதான் அக்கா என்றேன். உண்மையில் ஐந்து லாரி இருந்தது.

2024 செப்டம்பர் 8

ஷா ஆலம் அரங்கத்தை இடிக்கிறார்கள். 1994-ல் திறந்தது, எண்பதாயிரம் பேர் உட்காரலாம். முப்பதே வருஷம். பார்சா 2013 ஆகஸ்டில் மலேசியா வந்து ஆடியது அங்கேதான். அந்தக் கூரை வளைவுகளைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வேலை கற்றுக்கொண்ட புதிதில், இதை எப்படித் தூக்கி வைத்திருப்பார்கள் என்று பஸ் ஜன்னலில் தலை வைத்தபடி யோசித்துக்கொண்டே போவேன்.

கேம்ப் நோவைப் பற்றி இந்த மாதம் புதிதாக ஒன்றுமில்லை. கிரேன்கள் நிற்கின்றன.

2024 நவம்பர் 29

இன்றுதான் அந்த நாள். திறக்கவில்லை. பார்சா இரண்டாவது வருஷமாக மொன்ஜுயிக் குன்றின் மேல், 1992 ஒலிம்பிக் அரங்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

தம்பி, என் பேச்சைக் கேட்டு நீ 50 வெள்ளி இழந்தாய். சென்தூல் பக்கம் வந்தால் வாங்கிக்கொள், உண்மையாகவே சொல்கிறேன்.

எங்கே பிசகினேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். கான்கிரீட்டை மட்டும் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் சைட்டில் நின்றவன் அப்படிப் போட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதையை எடுக்க வேண்டும். இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

2011-ல் சிலாங்கூரில் ஒரு சிறு பட்டணத்தில் பொது மண்டபம் கட்டினோம். மாடியில் இருநூறு பேர் உட்காரும் கூடம், இரண்டு படிக்கட்டு. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் வருவதாகத் தேதி குறித்துவிட்டார்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. விழாவுக்கு முதல் நாள் மாலை பின்பக்கப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். ஆடியது. தாங்கிக்கு நான்கு போல்ட் வேண்டிய இடத்தில் இரண்டு. மீதி இரண்டு ஓட்டையும் வெறும் ஓட்டையாகவே இருந்தன, ஒன்றில் யாரோ சிகரெட் துண்டைச் செருகியிருந்தார்கள். மேலதிகாரியிடம் சொன்னேன். “பின்பக்கப் படியை மூடிவிடு, முன்பக்கம் போதும்” என்று பதில் வந்தது. பூந்தொட்டிகளை வைத்தோம், குறுக்கே ஒரு பேனர் கட்டினோம். கட்டியது நான்தான்.

மறுநாள் விழா பாதியில் மழை. மின்சாரம் போனது. இருநூறு பேரும் ஒரே படிக்கு வந்தார்கள். நெரிசலில் ஒரு பாட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் பிழைத்தார், நன்றாகவே இருந்தார். பேனருக்குப் பின்னால் இன்னொரு படி இருப்பது அங்கே வந்த ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே பார்சா இன்று திறக்காததில் எனக்கு வருத்தமில்லை.

2024 டிசம்பர் 1

மேலே எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: “தேதி வச்சுக் கட்டக் கூடாதுன்னா, மெர்டேக்கா எப்படி?”

நியாயமான கேள்வி. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை மலாக்காவில் அறிவித்தது 1956 பிப்ரவரியில். அரங்கத்தை ஓராண்டுக்குள் கட்டி முடித்தார்கள், திறந்த மறுநாள் காலை அங்கேதான் ஏழு முறை மெர்டேக்கா (சுதந்திரம்) என்ற முழக்கம். அந்தத் தேதியை யாரும் தள்ளிப்போட முடியாது.

2024 டிசம்பர் 7

ஒரு வாரம் அப்பாவின் கேள்வியோடு சுற்றினேன். எனக்குத் தோன்றுவது இது. மெர்டேக்காவை வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ். கையில் இருக்கும் நாளைப் பார்த்துத்தான் அவர் அரங்கத்தையே வரைந்திருக்கிறார். பெரிய கூரை இல்லை. அடுக்கு மேல் அடுக்கு இல்லை. குன்றின் மேல் மண்ணைக் கிண்ணம் போல் அணைத்துப் படிகளை அதன் மேல் படுக்க வைத்துவிட்டார். விளக்குக் கோபுரங்கள் முன்னழுத்தக் கான்கிரீட்டில், அந்த வகையில் அன்றைக்கு உலகிலேயே உயரமானவை என்று பெயர். நாள் குறைவு என்றால் கட்டடத்தைச் சிறிதாக்கினார், வழிகளைக் குறைக்கவில்லை. கூட்டம் சுரங்க வாசல்கள் வழியாகச் சட்டென்று வெளியே வந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம் அப்பா சொன்னது. விசில் ஊதியதும் அவருக்குக் கிடைப்பது பத்து நிமிஷம்தான். அதற்குள் விற்காத கடலை வீட்டுக்குத் திரும்பும். எத்தனை வாசல், எந்த வாசலில் கூட்டம் முதலில் வரும், மழை பெய்தால் எங்கே தேங்கும் எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். பொறியாளர் வரைபடத்தில் எழுதும் கணக்கை என் அப்பா கடலைத் தட்டோடு நின்று கற்றிருக்கிறார். இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

2025 ஆகஸ்ட் 11

பருவம் தொடங்குமுன் ஆடும் காம்பர் கிண்ண ஆட்டத்தைப் புது அரங்கத்தில் ஆடுவோம் என்றார்கள். நடக்கவில்லை. கோமோவை 5-0 என்று வென்றது யோஹான் க்ரைஃப் அரங்கத்தில், ஆறாயிரம் பேர் கொள்ளளவு. ஒரு லட்சத்து ஐயாயிரம் பேருக்கு வீடு கட்டிக்கொண்டு திண்ணையில் படுக்கும் கதை.

2025 செப்டம்பர் 15

விடியற்காலை மூன்று மணி ஆட்டம். வலென்சியா, 6-0. அதுவும் அந்த ஆறாயிரம் பேர் அரங்கத்தில். லீக் ஆட்டம் இது, பயிற்சி ஆட்டமில்லை.

27,000 பேரோடு மட்டும் திறக்கிறோம் என்று கேட்டும் நகராட்சி இன்னும் அனுமதி தரவில்லை. கான்கிரீட் நிற்கிறது. நாற்காலி இருக்கிறது. வெளியேறும் வழிகளிலும் பாதுகாப்பிலும்தான் சரிசெய்ய வேண்டியவை பாக்கி. கிளப் ரசிகர்கள் நகராட்சியைத் திட்டித் தீர்க்கிறார்கள். இங்கே மாமாக் கடையில் எங்கள் கூட்டமும் அப்படித்தான். நேற்று ஒருவர் மேஜையைத் தட்டி, “படி இருக்கு, கதவு இருக்கு, இன்னும் என்னதான் வேணும் அவங்களுக்கு?” என்றார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். படி இருந்தால் மட்டும் போதாது. படியின் அகலத்தை வைத்து நிமிஷத்துக்கு எத்தனை பேர் இறங்க முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனில் விளையாட்டரங்குப் பாதுகாப்புக்கென்று இருக்கும் கையேட்டின்படி, இருக்கைப் பகுதியிலிருந்து எல்லாரும் எட்டு நிமிஷத்துக்குள் வெளியேறும் பாதைக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கையேடு வந்ததற்குக் காரணம் கிளாஸ்கோவின் ஐப்ரோக்ஸ். 1971 ஜனவரி 2, ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கும்போது 13-ஆம் படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அந்தப் படிக்கட்டின் படத்தைப் பார். இரும்புக் கைப்பிடிகள் கம்பி மாதிரி வளைந்து கிடக்கும். அதைப் பார்த்தபோது என் இரண்டு போல்ட்தான் கண்ணில் நின்றது.

ஐரோப்பா வரை போக வேண்டாம். பக்கத்து இந்தோனேசியாவில், மாலாங் பக்கத்தில் இருக்கும் கஞ்சுருஹான் அரங்கம், 2022 அக்டோபர் 1. போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, மக்கள் வாசலுக்கு ஓடினார்கள், வாசல் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை. 135 பேர். மோசமாகப் பேசப்பட்டது 13-ஆம் வாசல். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

கேம்ப் நோவில் இன்னொரு சிக்கல், அது பாதி அரங்கம், பாதி சைட். முழுதாக முடிந்த கட்டடத்தில் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் போகலாம். அங்கே மேலே கிரேன், கீழே ரசிகன். ஒரு பக்கத்து வழி கட்டட வேலைக்குள் போய் முட்டும். நம் ஊரில் ஒரு ஷாப்பிங் மால் கட்டடத்தை விரிவாக்கும்போது இதே தலைவலி. தற்காலிகத் தடுப்புப் பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கே பொம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரி மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை அவரே டேப் பிடித்து அளந்தார். அரை அடி நகர்த்தச் சொன்னார். அன்று எரிச்சல் வந்தது. இப்போது அந்த மனிதரை நினைத்தால் மரியாதைதான்.

2025 செப்டம்பர் 22

கெட்டாஃபே, 3-0. மறுபடியும் ஆறாயிரம் பேர். அப்பா கேட்கிறார், “அங்க வாசல்ல கடலை யார் விக்கிறா?” ஆறாயிரம் பேருக்கு ஒரு தட்டு போதுமாம்.

2025 அக்டோபர் 5

செப்டம்பர் 15-ல் எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். நகராட்சிப் பக்கம் மட்டும் பேசிவிட்டேன். வேலை செய்பவன் பக்கமும் இருக்கிறது. தேதியை ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் சைட்டில் இருப்பவனுக்கு ஓய்வு கிடைப்பதில்லை, ஓவர்டைம்தான் கிடைக்கிறது. எங்கள் கொங்சியில் (சைட்டில் தொழிலாளர் தங்கும் கொட்டகை) வங்காளதேசத்துப் பையன்கள் கடைசி இரண்டு மாதத்தில் எப்படித் தூங்குவார்கள் என்று பார்த்திருக்கிறேன். பூட்ஸைக் கழற்றாமல், சிமெண்ட் மூட்டை அட்டையை விரித்து, மத்தியானம் இருபது நிமிஷம். முதல் தேதியைச் சரியாகச் சொல்லியிருந்தால் இதில் பாதி தேவைப்படாது. தள்ளிப்போட்டது சரி, ஆனால் முதலில் அந்த நவம்பர் தேதியைச் சொன்னது தவறு. நானும் அதற்கு ஆமாம் போட்டவன்.

2025 நவம்பர் 8

நேற்று மாலை ஆறு மணிக்கு நம் நேரப்படி கேம்ப் நோவில் ரசிகர்கள் முன்னால் பயிற்சி. இருபதாயிரம் பேருக்கு மேல். பயிற்சிதான், கோல் கணக்கு இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் கூட்டத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்ப்பது மிகவும் சரியான முறை. சைட்டில் தண்ணீர்க் குழாயை அழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் சுவரை மூட மாட்டோம், அதே மாதிரி.

2025 நவம்பர் 23

நேற்று சனிக்கிழமை இரவு 11.15, கேம்ப் நோவ் மறுபடி திறந்து முதல் ஆட்டம். அத்லெட்டிக் பில்பாவோ. 4-0. அனுமதி கிடைத்த இருக்கை 45,401, வந்தவர்கள் 45,157.

மாமாக் கடைக்குப் போகவில்லை. அப்பாவோடு வீட்டில் பார்த்தேன். அவருக்கு 78 ஆகிறது, பதினொரு மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார், நேற்று மத்தியானமே தூங்கி எழுந்து தயாராக இருந்தார். நான்காவது நிமிஷம் லெவண்டோவ்ஸ்கி. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது என் சத்தத்துக்குத்தான். ஃபெரான் டோரெஸ் இரண்டு, ஃபெர்மின் ஒன்று. கேமரா மேலே போகும்போதெல்லாம் மூன்றாம் அடுக்கு தெரிந்தது, ஆளில்லாமல், வெறும் கான்கிரீட்டாக, பின்னால் கிரேன்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு முடியாத கட்டடம் எப்போதும் அழகுதான்.

விசில் ஊதியது. டிவியை அணைக்கப் போனேன். அப்பா, “இருடா, இரு” என்றார். ஆட்டக்காரர்கள் கைதட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் படிகளில் ஜனம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா கீழ் அடுக்குக்கு வந்தபோது ஒருவர் தோளில் பிள்ளையை வைத்து, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறி வாசலுக்குள் மறைந்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தை அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நல்லா போறாங்க” என்றார். அப்புறம் தூங்கப் போய்விட்டார்.

2025 டிசம்பர் 10

ஃபிராங்க்ஃபர்ட், விடியற்காலை நான்கு மணி. பார்சாவின் குண்டே இரண்டு கோல், 2-1. சாம்பியன்ஸ் லீக்கும் வீடு திரும்பிவிட்டது.

தம்பி மறுபடி கேட்டிருக்கிறான், கூரை எப்போது என்று. இந்த முறை பந்தயம் வேண்டாம். கூரையை எனக்கு அவசரப்படுத்தவே பிடிக்கவில்லை. கோலத் திரெங்கானுவில் 2008-ல் திறந்த அரங்கத்தின் கூரை, 2009 ஜூன் 2-ல் விழுந்தது. ஆட்டம் இல்லாத நேரம், ஜனம் தப்பியது. 2013-ல் மிச்சத்தை அப்புறப்படுத்தும்போது மறுபடி விழுந்து வேலையாட்கள் அடிபட்டார்கள். எங்கள் சைட்டில் அந்த வாரம் யாரும் மேலே பார்க்காமல் நடந்ததில்லை.

கேம்ப் நோவுக்கு வரப்போவது கம்பி வடங்களால் இழுத்துக் கட்டும் கூரை. சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் கம்பிகள். கம்பிகளும் உள் வளையமும் இழுவிசையில் நிற்கும், வெளி வளையம் அழுத்தத்தைத் தாங்கும், நடுவில் தூண் கிடையாது. நம் புக்கிட் ஜாலில் கூரையும் இந்தக் குடும்பம்தான். இந்த வகையில் வடங்களை முதலில் படிகளின் மேல் விரித்துப் போடுவார்கள், பெரிய பெரிய ஜாக்கிகளை வைத்து எல்லாப் பக்கமும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கம் நெளியும். நாள் கணக்கில் நடக்கும், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில் விடுப்பு எடுத்து நேரலையில் பார்ப்பதாக இருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லி வைத்தேன். அதில் ஜனம் வெளியே வருமா என்று கேட்டார். வராது, வெறும் கம்பி மட்டும்தான் என்றேன். அப்படியானால் நீயே பார் என்றுவிட்டார்.